வெந்நீர்க் குண்டமும் மரத்துப்போன பாதமும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு, மகாராஷ்டிரத்தில் மும்பைக்கு அருகே டோம்பிவிலியில் இருக்கும் கொழுந்தனார் வீட்டுக்குச் செல்கிறார்கள். அங்கிருந்து ஒரு நாள் வேன் பிடித்துக் காலையில் புறப்பட்டு, வஜ்ரேஸ்வரி, அக்லோலி, கணேஷ்புரி ஆகிய ஊர்களில் கோயில்களைத் தரிசித்து, வெந்நீர்க் குண்டங்களில் குளித்து, இரவுக்குள் வீடு திரும்புவது திட்டம். திட்டத்தின் காரணகர்த்தா அவருடைய மாமனார். வயது 72. நித்யானந்த சுவாமிகளிடம் பக்தி கொண்டவர். காஞ்ஞங்காட்டு ஆசிரமத்துக்குப் பலமுறை போய்வந்தவர். கணேஷ்புரியில் சுவாமிகளின் சமாதியைத் தொழுது, பக்கத்துக் குண்டத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையும் மாலையும் இன்சுலின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், புராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின். மாமியாருக்கு வயது 66, இரு முழங்கால்களிலும் தேய்மானம். கொழுந்தனாரின் மனைவி ஒன்பது வாரக் கர்ப்பிணி. கடிதம் எழுதியவரின் கணவருக்கு முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ், அதாவது தோல் செதில் செதிலாக உதிரும் நோய். மகனுக்கு ஒன்பது வயது.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அமீபிக் மஸ்திஷ்க ஜ்வரம், அதாவது அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சல் பற்றிச் செய்தித்தாளில் படித்தது முதல், மகன் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்கிறார் கணவர். கந்தகம் கலந்த கொதிநீரில் கிருமி எப்படி இருக்கும், சுவாமி இருந்த இடத்துத் தண்ணீர் யாரையும் கெடுக்காது என்கிறார் மாமனார். கர்ப்பிணி அந்த வண்டிக் குலுக்கலுக்கே வரக்கூடாது என்கிறார் மாமியார். மூன்று முறை குளித்தால் சொரியாசிஸ் போய்விடும், அதுவரை களிம்பை நிறுத்திவையுங்கள் என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். இதில் எது சரி, போகலாமா வேண்டாமா என்பது சகோதரியின் கேள்வி.

சகோதரி, போகலாம். ஆனால் "குடும்பம் போகலாமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஆறேழு உடம்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. குழந்தையைப் பற்றியும் கர்ப்பிணியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மாமனாரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சென்ற மாதம் சந்தையிலிருந்து வரும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வரை நடந்து வந்துவிட்டார், வயதாகிவிட்டதால் மறதி." கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அமீபா அல்ல, அந்த ஒரு வரிதான்.

அது மறதி அல்ல. காலில் செருப்பு இல்லை என்பதை மனம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை; தார்ச்சாலையின் சூட்டையும் சரளைக் கல்லின் குத்தலையும் பாதமே சொல்லிவிடும். அவருடைய பாதம் சொல்லவில்லை. நெடுங்காலச் சர்க்கரை நோயில் நரம்புகள் கெட்டுப்போகும்போது உடலிலேயே மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாகின்றன; அதனால் விரல் நுனியிலும் உள்ளங்காலிலும் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மரத்துப்போகிறது. வலி, சூடு, குளிர், தொடுதல் எல்லாம் மங்கும். வலிக்காததால் நோயாளிக்குக் குறை எதுவும் தெரிவதில்லை, ஆகவே மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. உச்சி வெயிலில் வெறுங்காலோடு கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு உள்ளங்காலில் நீர்க்கொப்புளத்தைக் கண்டுபிடிப்பவர்களை நம் பக்கத்து மருத்துவர்கள் எல்லோரும் கோடைதோறும் பார்க்கிறோம். கருங்கல் தளத்தில் நேர்வது வெந்நீர்த் தொட்டியிலும் நேரும்.

மாமனாரின் முழுக்கு

வஜ்ரேஸ்வரியைச் சுற்றித் தான்சா ஆற்றங்கரையை ஒட்டிப் பல ஊற்றுகள் உள்ளன. அவற்றின் நீரைக் கல்லாலும் சிமெண்டாலும் கட்டிய சிறு தொட்டிகளில் தேக்கியிருக்கிறார்கள். ஒரு தொட்டியின் சூடும் அடுத்த தொட்டியின் சூடும் ஒன்றல்ல. ஒன்றில் சுகமாக உட்காரலாம், மற்றொன்றில் விரலை வைத்தவுடன் இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நட்சத்திர விடுதிக் குளத்தைப் போல வெப்பநிலையை எழுதி மாட்டிய பலகையை அங்கே எதிர்பார்க்காதீர்கள். 44 டிகிரி செல்சியஸ் நீர் தோலைப் புண்ணாக்க மணிக்கணக்கில் ஆகும். 49 டிகிரியில் அதற்குப் பத்து நிமிடம் போதும். 60 டிகிரியில் ஐந்து விநாடி. இந்தக் கணக்கு திடகாத்திரமான நடுவயதுத் தோலுக்கானது. எழுபது வயதில் தோல் மெலிந்திருக்கும், சர்க்கரையால் பாதத்தின் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும் என்பதால் அவருக்கு இன்னும் குறைந்த நேரமே போதும். உணர்வுள்ளவன் சூடு தாங்காமல் தானே எழுந்துவிடுவான். உங்கள் மாமனார் எழமாட்டார், காரணம் அவருக்கு அது சுடாது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, உங்களுக்குத்தான் பயம்" என்று அவர் சொல்லும்போது அதை உடல்வலிமை என்றோ அருள் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புறப்படுவதற்கு முன் அவரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, செருப்பு கழன்ற கதையை அப்படியே சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். ஊசியும் இரத்தமும் இல்லாத, சில நிமிடங்களில் முடியும் சோதனை. பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு இது தேவை. விரலிடுக்கில் வெடிப்போ புண்ணோ ஆணியோ இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுவார்கள். புண் இருந்தால் பலபேர் குளிக்கும் தொட்டியில் அந்தக் காலை நனைக்கக் கூடாது என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது ஆபத்து இன்சுலின். தோலுக்கடியில் போட்ட இன்சுலின், உடல் சூடாகும்போது வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கிறது. காலை ஊசி போட்டு, சிற்றுண்டியை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, பத்து மணிக்கு வெந்நீரில் இறங்கினால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். சர்க்கரை இறங்கும்போது உடம்பு தரும் முதல் எச்சரிக்கைகள் வியர்வையும் படபடப்பும். வெந்நீரில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் வியர்க்கும், எல்லோருக்கும் நெஞ்சு சற்று வேகமாக அடிக்கும். அதனால் அவரும் அறியமாட்டார், அருகில் இருப்பவரும் அறியமாட்டார். பயண நாட்களில் அவர் ஊசியையும் மாத்திரையையும் விட்டுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது இதற்கு மருந்தல்ல; அதனால் சர்க்கரை எகிறும், நீர் பிரிந்து உடல் வறளும், வறண்ட உடம்பு வெந்நீரில் இன்னும் எளிதாக மயங்கும். அன்றைய இன்சுலின் அளவையும் நேரத்தையும் அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்டால் உடனே சாப்பாடு, குளிப்பதற்கு முன் குளுக்கோமீட்டரில் ஒரு சோதனை, சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஆகிய மூன்றையும் நீங்களே பொறுப்பெடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, எழுந்து நிற்கும் கணம். வெந்நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அம்லோடிபினும் அதே வேலையைச் செய்கிறது. டாம்சுலோசினும் எழும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தக் கூடியது. நெடுநாள் சர்க்கரையில், இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் நரம்புகளும் தளர்ந்திருக்கலாம். இந்த நான்கும் ஒன்றுசேரும் இடம் பாசி படிந்த கல்படி. வெந்நீர்க் குளியலில் முதியவர்கள் விழுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும்போது அல்ல, வெளியே வரும்போதுதான்.

ஆகவே என் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மாமனார் குண்டத்தில் இறங்கி அமரக் கூடாது. இதைக் கேட்டு அவர் மனம் உடையும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குளியலை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குண்டத்து நீரை ஒரு வாளியில் எடுத்து, குளிர்ந்த நீர் கலந்து ஆற்றி, படிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, தோள்வழியே ஊற்றுங்கள். சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் பார்க்க வேண்டும். அவருடைய காலோ கையோ அதைப் பார்க்கக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்வெப்பமானி இருந்தால் 37, 38 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீராட்டு என்றால் ஆளை நீரில் முக்குவது மட்டும் அல்ல; அவருக்கு இது என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நம் வீட்டில் சுவாமி சிலைகளுக்கு நாம் ஊற்றித்தானே நீராட்டுகிறோம் என்று மருமகளாகிய நீங்கள் சொல்வதைவிட, அவருடைய மகன்களில் ஒருவர் சொன்னால் எடுபடலாம். கணேஷ்புரியில் அவர் தேடிப்போவது 1961 ஆகஸ்ட் 8 அன்று சமாதியடைந்த சுவாமிகளின் சந்நிதியை. அங்கே அவர் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும், அதற்கு மருத்துவத் தடை ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். கோயில்களில் செருப்பைக் கழற்றியாக வேண்டும். வஜ்ரேஸ்வரி கோயில் 1739-இல் போர்த்துகீசியரிடமிருந்து வசாய்க் கோட்டையைப் பிடித்த மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா நேர்ந்துகொண்டு கட்டியது. சந்நிதிக்கு 52 கல்படிகள் ஏற வேண்டும், படிகளில் ஒன்றில் பொன்னிற ஆமை ஒன்றைப் பதித்து வழிபடுகிறார்கள். டிசம்பரிலும் நண்பகலில் அந்தக் கல் சுடும். பருத்திக் காலுறை அணிய அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் காலை ஒன்பது மணிக்குள் அந்தக் கோயிலை முடித்துக்கொள்ளுங்கள்.

அமீபாவும் உங்கள் மகனும்

உங்கள் கணவரின் அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. நெக்ளேரியா ஃபௌலேரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரை விரும்புவது. 46 டிகிரி வரையான சூட்டிலும் பெருகும். "சுடுநீரில் கிருமி இருக்காது" என்ற மாமனாரின் கூற்று அந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது. நீரைக் கொதிக்க வைத்தால் அது சாகும். ஆள் உட்காரக்கூடிய சூட்டில் சாகாது. இந்த ஊற்றுகளில் வீசும் இலேசான கந்தக நெடியும் கிருமிநாசினி ஆகாது.

மறுபாதி இது: அந்த அமீபா வாய்வழியாகத் தொற்றாது, தோல்வழியாகத் தொற்றாது, ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் பரவாது. தண்ணீர் மூக்கின் உச்சிவரை விசையோடு ஏறினால் மட்டுமே, முகர்வு நரம்பின் வழியாக மூளைக்குப் போகிறது. இலட்சக்கணக்கானவர்கள் குளித்தும் மிக அரிதாகவே வரும் நோய். வந்தால் உலக அளவில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு பயம். கேரளத்தில் நோயை முன்கூட்டியே சந்தேகித்துச் சிகிச்சை தொடங்கியதால் சிலர் பிழைத்திருக்கிறார்கள். 2024-இல் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் அப்படி மீண்டான்.

ஆக, உங்கள் மகன் தண்ணீரில் இருக்கலாம். தலை தண்ணீருக்குள் போகக் கூடாது. குதிப்பது, முங்குவது, யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற பந்தயம், ஒருவர் முகத்தில் ஒருவர் தண்ணீர் அடிப்பது எதுவும் வேண்டாம். நீச்சல் வீரர்கள் மாட்டும் மூக்குக் கிளிப்பை வாங்கி மாட்டிவிடுங்கள். கடிதத்தின் வேறொரு மூலையில், அவன் ஞாயிறுதோறும் ஊர்க் குளத்தில் மேட்டிலிருந்து குதித்து நீந்தப் பழகுகிறான் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். மகாராஷ்டிரத்து ஊற்றுக்கு அஞ்சும் உங்கள் கணவர், கோடையில் நீர் வற்றிச் சூடேறிக் கிடக்கும் அந்தக் குளத்துக்கு அஞ்சவில்லை. மூக்குக் கிளிப் முதலில் தேவைப்படும் இடம் அந்தக் குளம்தான்.

குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். அவனுக்கு மிதமான தொட்டியில் ஐந்து நிமிடம், பிறகு வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். தான்சா ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆற்றில் இறங்க அனுமதிக்காதீர்கள். குளித்த பின் பன்னிரண்டு நாட்களுக்குள் யாருக்காவது காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், வெந்நீர் ஊற்றில் குளித்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கீழே எரிமலை இருக்கிறதா என்று உங்கள் மகன் கேட்டதற்கும் பதில்: இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே வெகு ஆழம் இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, வேறொரு பிளவு வழியே மேலேறி வருகிறது. அங்குள்ள கரும்பாறை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு, ஆனால் அது எப்போதோ ஆறிவிட்டது.

கர்ப்பிணி வரலாமா

வரலாம். உங்கள் மாமியாரின் கவலையை மதிக்கிறேன். ஆனால் வண்டிக் குலுக்கலால் கரு கலைவதில்லை. முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருக்கலைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அதை எந்தச் சாலையும் உண்டாக்குவதில்லை. முன்பு கரு கலைந்திருந்தாலோ, இப்போது இரத்தக்கசிவோ வயிற்றுவலியோ இருந்தாலோ அவருடைய மகப்பேறு மருத்துவரின் சொல்லே முடிவு. அப்படி எதுவும் இல்லாதபோது அவரை டோம்பிவிலியில் தனியே விட்டுவிட்டுக் கிளம்புவது, பாதுகாப்பைவிடத் தண்டனை போலத்தான் இருக்கும். மசக்கை இருந்தால் முன் இருக்கை அவருக்கு. கல்யாண், பிவண்டி வழியில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், ஆகவே விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

ஆனால் அவர் குண்டத்தில் உட்காரக் கூடாது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாயின் உட்சூடு 39 டிகிரியைத் தாண்டுவது கருவின் வளர்ச்சிக்கு நல்லதல்ல. மிகவும் ஆபத்தான வாரங்களை அவர் கடந்துவிட்டார் என்றாலும், சூட்டை அளக்க முடியாத ஒரு தொட்டியில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை சில நிமிடம் நனைத்துக்கொள்ளட்டும். வழுக்காத ரப்பர் செருப்பும், இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கையும் அவருக்கு வேண்டும்.

மாமியாருக்கும் கணவருக்கும்

மாமியாருக்கு இந்தப் பயணம் நல்லதே செய்யும். வெந்நீர் தசை இறுக்கத்தைத் தளர்த்தி மூட்டுவலியைச் சில மணி நேரம் தணிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. மிதமான தொட்டியில் இடுப்பளவு நீரில் பத்து நிமிடம் இருக்கலாம். படி இறங்கி ஏற இரண்டு பேர் துணை நிற்க வேண்டும். கோயிலின் 52 படிகளையும் குளியலையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள்; நடுவில் சாப்பாட்டையும் ஓய்வையும் வையுங்கள், சாப்பிட்ட கையோடு நீரில் இறங்க வேண்டாம்.

உங்கள் கணவரின் சொரியாசிஸ் மூன்று குளியலில் போகாது. சாக்கடல் போன்ற இடங்களில் வாரக்கணக்கில் தங்கி, உப்புநீரும் சூரிய ஒளியும் சேர்த்து அளவோடு தரும் சிகிச்சை உண்மையில் உண்டு. அதற்கும் ஒரு நாள் சுற்றுலாவுக்கும் தொடர்பில்லை. வெந்நீரில் செதில்கள் ஊறி உதிர்வதால் அன்று மாலை தோல் மிருதுவாகத் தெரியும், அதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று தோன்றும். செதிலைத் தேய்த்து எடுத்தால் தோல் காயப்பட்ட இடத்திலேயே புதிதாகச் சொரியாசிஸ் கிளம்பக்கூடும். களிம்பை நிறுத்த வேண்டாம்; வலிமையான ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் தடவிவிட்டுத் திடீரென விட்டால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரலாம். தோல் வெடித்திருக்காவிட்டால் சிறிது நேரம் குளிக்கலாம். குளித்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வழக்கமான களிம்போ தடவிக்கொள்ளட்டும். தொட்டியில் யாராவது முகம் சுளித்தால், சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல என்று அமைதியாகச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. அந்த நீரில் அவர் மற்றவர்களுக்கு ஆபத்து அல்ல; அவருடைய வெடித்த தோலுக்குத்தான் நீர் ஆபத்து.

அவசரத்துக்கு மகாராஷ்டிரத்திலும் 108 ஆம்புலன்ஸ் உண்டு. பெரிய மருத்துவமனைக்குப் பிவண்டியோ தாணேயோதான் போக வேண்டியிருக்கும் என்பதால், மருந்துச் சீட்டுகளின் படங்களைக் கொழுந்தனாரின் கைபேசியிலும் உங்கள் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு டோம்பிவிலி திரும்பியதும், படுக்கப் போவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில் மாமனாரின் இரு பாதங்களையும், உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு உட்பட, யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் காலையிலும் அப்படியே பார்க்க வேண்டும். சிவந்தோ கொப்பளித்தோ இருந்தால் உடைக்காதீர்கள், மஞ்சளோ பற்பசையோ மையோ பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, வலிக்கவில்லை என்று அவர் சொன்னாலும் அன்றைக்கே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.